பிறப்புநிலைப் பாவம்: ஒரு கோட்பாட்டின் தோற்றமும் மாறுபட்ட விளக்கங்களும்

முதல் மனிதர் செய்த குற்றம் அவரோடு முடிந்துவிடாமல், அவர் வழிவந்த ஒவ்வொருவரையும் பிறப்பிலேயே பற்றிக்கொள்கிறது என்னும் நம்பிக்கை, மேற்கத்தியக் கிறித்தவத்தின் தூண்களுள் ஒன்றாக ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர் முன்பு இதனைச் சென்மப் பாவம் என்று வழங்கினர். இன்று பிறப்புநிலைப் பாவம் என்கின்றனர். சீர்திருத்தத் திருச்சபைகளில் ஜென்ம பாவம் என்னும் வழக்கு தொடர்கிறது. ஏதேன் தோட்டத்துக் கதையை அறிந்தவர்களுக்கு, இக்கோட்பாடு அந்தக் கதையிலேயே எழுதப்பட்டிருப்பதாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் விவிலியத்தின் எந்த நூலிலும் இப்பெயர் இல்லை; யூதர்கள் அதே கதையைப் புனித நூலில் வைத்துப் போற்றியும் இக்கோட்பாட்டை ஏற்கவில்லை; கிழக்குத் திருச்சபைகள் திருத்தூதர் பவுலின் அதே திருமுகங்களைப் படித்தும் வேறு முடிவுக்கு வந்தன.

இவ்வேறுபாடுகளைப் பிரித்தறிய ஒரு கேள்வி உதவும். ஆதாமிடமிருந்து மனிதகுலம் மரபுரிமையாகப் பெறுவது எதனை? அவர் செய்த குற்றத்துக்கான பொறுப்பையா, அதனால் வந்த சாவையா, அறிவுக்கு அடங்காத இச்சையையா, அல்லது அவர் இழந்த அருளின் இன்மையையா? கிறித்தவச் சிந்தனையாளர்கள் இந்த நான்கு விடைகளையும் வெவ்வேறு அளவில் கலந்தே பேசியுள்ளனர். இக்கோட்பாட்டின் வரலாறு, இந்த நான்கும் முதலில் ஒன்றாகப் பிணைக்கப்பட்டுப் பின்னர் மெல்ல மெல்லப் பிரித்தறியப்பட்ட வரலாறே என்பதும், அவற்றுள் பிறர் குற்றத்தின் பொறுப்பு என்னும் முதல் விடையே அடித்தளம் மிகக் குறைந்தது என்பதும் இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்துகள்.

தொடக்க நூல் சொல்வதும் சொல்லாததும்

விவிலியத்தின் முதல் நூலான தொடக்க நூலின் 2, 3ஆம் அதிகாரங்கள், நன்மை தீமை அறியும் மரத்தின் கனியை உண்ணக்கூடாது என்ற கட்டளையையும், பாம்பின் பேச்சில் மயங்கிய பெண்ணும் அவளோடிருந்த ஆணும் அதனை மீறியதையும், அதன் விளைவாக உழைப்பின் துயரும் பேறுகால வேதனையும் மண்ணுக்குத் திரும்பும் முடிவும் அவர்களுக்கு விதிக்கப்பட்டதையும் கூறுகின்றன. பாவம் என்னும் சொல் இந்த நிகழ்ச்சியில் எங்கும் வரவில்லை. அது முதன்முதலாக இடம்பெறுவது அடுத்த அதிகாரத்தில், காயின் தன் தம்பி ஆபேலைக் கொல்வதற்குச் சற்று முன்பாகும். அங்கேயும் காயினுக்குத் தரப்படும் எச்சரிக்கை, பாவத்தை அவன் அடக்கி ஆள வேண்டும் என்பதே. அடக்கும் ஆற்றலை அவன் தந்தையின் செயலால் இழந்துவிட்டான் என்று கதை கூறவில்லை. பாம்பு சாத்தான் என்பதும் அக்கதையில் இல்லாத பிற்கால விளக்கமே.

எபிரேய விவிலியத்தின் பிற பகுதிகள் ஆதாமின் மீறலுக்கு அனேகமாகத் திரும்புவதே இல்லை. இஸ்ரயேலின் வீழ்ச்சிக்குக் காரணம் தேடிய இறைவாக்கினர்கள் மக்களின் சிலைவழிபாட்டையும் ஏழைகளுக்கு இழைக்கப்பட்ட அநீதியையும் காட்டினரேயன்றி, ஏதேன் தோட்டத்தைக் காட்டவில்லை. எசேக்கியேல் நூலின் 18ஆம் அதிகாரம், தந்தையின் குற்றத்தை மகன் சுமக்கமாட்டான் என்னும் நெறியை வெளிப்படையாகவே வகுக்கிறது. தாய் கருவுற்றபோதே தான் பாவத்தில் இருந்ததாக வருந்தும் 51ஆம் திருப்பாடல் பிற்காலத்தில் பெரிதும் மேற்கோளாக எடுத்தாளப்பட்டது எனினும், அது மனம் வருந்தும் ஒருவரின் ஆழ்ந்த குற்றவுணர்வின் வெளிப்பாடு. மனிதகுலம் முழுமைக்குமான தோற்றக் கோட்பாடு அன்று.

யூத மரபு வகுத்த வழி

ஆதாமின் கதைக்குப் புதிய எடை கிடைத்தது கிறிஸ்து பிறப்பதற்குச் சற்று முன்னும் பின்னுமான காலத்து யூத நூல்களில்தான். சீராக்கின் ஞானம் பாவத்தின் தொடக்கத்தையும் சாவின் காரணத்தையும் பெண்ணோடு இணைத்தது. சாலமோனின் ஞானம் சாவு அலகையின் பொறாமையால் உலகில் நுழைந்தது என்றது. கி.பி. 70இல் உரோமைப் படை எருசலேம் கோவிலை அழித்த பின்னர் எழுதப்பட்ட இரு நூல்கள் இக்கேள்வியை இன்னும் ஆழமாக எதிர்கொண்டன. எஸ்ராவின் நான்காம் நூல், பாவம் செய்தவர் ஆதாம் ஒருவரே ஆயினும் வீழ்ச்சி அவரோடு நிற்கவில்லையே என்று புலம்புகிறது. பாரூக்கின் இரண்டாம் நூலோ, ஆதாம் தம் ஆன்மாவுக்கு மட்டுமே காரணர் என்றும் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஆதாம் ஆகின்றனர் என்றும் விடை கூறுகிறது. பின்னாளில் கிறித்தவ உலகைப் பிளந்த இரு நிலைப்பாடுகளும் இவ்வாறு ஒரே தலைமுறை யூதச் சிந்தனையில் அருகருகே நின்றன.

யூதச் சமய ஆசிரியர்களான இரபிகளின் மரபு இரண்டாம் வழியைத் தேர்ந்தது. மனித உள்ளத்தில் நல்ல நாட்டம், தீய நாட்டம் என இரு நாட்டங்கள் உள்ளன. தீய நாட்டமும் இறைவனின் படைப்பே. திருச்சட்டத்தைக் கற்பதாலும் கடைப்பிடிப்பதாலும் மனிதர் அதனை நெறிப்படுத்த இயலும் என்பது அவர்களின் போதனை. சாவு ஆதாமின் வழியாக வந்தது என்று இரபிகளுள் பலர் ஏற்றனர். ஆனால் குற்றம் அவ்வழியே வந்தது என்பதை யூத சமயத்தின் மைய நீரோட்டம் ஏற்கவில்லை.

பவுலின் ஒப்பீடு

கிறித்தவக் கோட்பாட்டின் உண்மையான விதை, பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் உள்ளது. ஒரே மனிதர் வழியாகப் பாவமும் அதன் வழியாகச் சாவும் உலகில் நுழைந்தது போல, ஒரே மனிதரான கிறிஸ்துவின் வழியாக அருளும் வாழ்வும் வந்தன என்று பவுல் இருவரையும் எதிரெதிர் நிறுத்துகிறார். இங்கே பவுலின் நோக்கம் மனிதத் தீமையின் தோற்றத்தை ஆராய்வது அன்று. யூதர், பிற இனத்தார் என்னும் வேறுபாடின்றி அனைவருக்கும் கிறிஸ்துவின் மீட்பு தேவை என்பதையும் அது அனைவருக்கும் போதுமானது என்பதையும் நிறுவுவதே. நோய் எத்தனை பரந்தது என்று காட்டுவதன் வழியே மருந்தின் பரப்பை அவர் காட்டினார் எனலாம்.

எனினும் இவ்வதிகாரத்தின் 12ஆம் வசனம் அடுத்த நூற்றாண்டுகளின் விவாதத்தின் திசையைத் தீர்மானித்தது. கிரேக்க மூலத்தில் அவ்வசனத்தின் இறுதித் தொடரை, எல்லாரும் பாவம் செய்ததனால் சாவு எல்லாரையும் கவ்வியது என்று பெரும்பாலான அறிஞர்கள் இன்று பொருள் கொள்கின்றனர். மேற்கில் வழங்கிய இலத்தீன் மொழிபெயர்ப்போ, அந்த ஒருவருக்குள் எல்லாரும் பாவம் செய்தனர் என்று படிக்க இடமளித்தது. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உரோமையில் பவுலின் திருமுகங்களுக்கு உரை எழுதிய, அம்புரோசியாஸ்தர் என்று பிற்காலத்தார் பெயரிட்ட ஆசிரியர், மனிதர் அனைவரும் ஒரே திரளாக ஆதாமுக்குள் பாவம் செய்தனர் என்று விளக்கினார். பின்னர் இக்கோட்பாட்டுக்கு முழு வடிவம் தந்த அகுஸ்தீன், கிரேக்கத்தில் ஆழ்ந்த புலமை இல்லாதவராதலால், இந்த இலத்தீன் வாசிப்பையே தம் வாதத்துக்கு ஆதாரமாகக் கொண்டார். 16ஆம் நூற்றாண்டில் எராஸ்முஸ் கிரேக்க மூலத்தைக் கொண்டு இவ்வாசிப்பை ஐயுற்றபோது கடும் எதிர்ப்பைச் சந்தித்தார்.

அகுஸ்தீனுக்கு முந்தைய தந்தையர்

முதல் மூன்று நூற்றாண்டுகளின் திருச்சபைத் தந்தையர், அதாவது தொடக்கக் காலத் திருச்சபையின் ஆசிரியர்கள், இப்பொருளில் ஒரே குரலில் பேசவில்லை. ஏறத்தாழ கி.பி. 180இல் எழுதிய லியோன் நகர ஆயர் இரனேயுஸ், ஆதாமையும் ஏவாளையும் இன்னும் வளராத குழந்தைகளாகக் கண்டார். அவர்களின் மீறல் முதிர்ச்சியின்மையால் நேர்ந்தது என்றும், கிறிஸ்து மனித வாழ்வின் எல்லாப் பருவங்களையும் தாமே வாழ்ந்து அதனை மீண்டும் முழுமைக்குக் கொண்டுவந்தார் என்றும் விளக்கினார். வட ஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியனோ, உடலைப் போலவே ஆன்மாவும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது என்று கருதியதால், பிறப்போடு வரும் ஒரு கறையைப் பற்றிப் பேசினார். ஆயினும் அவரே, மாசற்ற பருவத்திலிருக்கும் குழந்தைகள் பாவமன்னிப்புக்கு ஏன் விரைய வேண்டும் என்று கேட்டு, திருமுழுக்கைத் தள்ளிவைக்குமாறு அறிவுறுத்தினார்.

3ஆம் நூற்றாண்டின் நடுவில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் எதிர்த்திசையில் நகர்ந்தார். குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்க எட்டாம் நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று அறிவித்த கடிதத்தில், குழந்தை தானாக எப்பாவமும் செய்யாவிடினும் பண்டைய சாவின் தொற்றோடு பிறக்கிறது என்றும், அதற்கு மன்னிக்கப்படுபவை பிறருடைய பாவங்களே என்றும் எழுதினார். இங்கே கவனிக்கத்தக்கது காரண காரியத்தின் வரிசை: குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கும் வழக்கம் முன்னரே பரவியிருந்தது, அவ்வழக்கத்துக்கு விளக்கம் தேடும் முயற்சியில்தான் குழந்தையின் பாவம் என்னும் கருத்து உருப்பெற்றது. கோட்பாடு வழிபாட்டை உருவாக்கவில்லை. வழிபாடே கோட்பாட்டைக் கோரியது.

அகுஸ்தீனும் பெலேஜியுசும்

இச்சிதறிய கருத்துகளை ஒரே கட்டுக்கோப்பாக்கியவர் கி.பி. 354இல் இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தகாஸ்தே நகரில் பிறந்து, இப்போ நகர ஆயராக 430இல் மறைந்த அகுஸ்தீன். இப்பாவத்தைக் குறிக்கும் இலத்தீன் பெயரை அவர் சிம்ப்ளிசியானுஸ் என்பவருக்கு 396ஐ ஒட்டி எழுதிய நூலிலேயே கையாண்டுவிட்டார். எனவே பின்னாளில் தம்மோடு மோதிய பெலேஜியுசை எதிர்க்கும் பொருட்டே அவர் இக்கோட்பாட்டைப் படைத்தார் என்பது சரியன்று. ஆனால் அதன் கூர்மையான வடிவம் அந்த மோதலில்தான் உருவானது.

பிரித்தானியத் தீவிலிருந்து உரோமைக்கு வந்த பெலேஜியுஸ் கடுந்தவம் பயின்ற ஒழுக்கப் போதகர். இறைவனே கட்டளையிடுவதைத் தருமாறு இறைவனையே வேண்டும் அகுஸ்தீனின் மன்றாட்டு மனித முயற்சியின் நரம்பை அறுத்துவிடும் என்று அவர் அஞ்சினார். இறைவன் இயலாததைக் கட்டளையிடமாட்டார். எனவே பாவத்தைத் தவிர்க்கும் ஆற்றல் மனித இயல்பில் உண்டு. ஆதாமின் பாவம் தீய முன்மாதிரியாகவே பிறரைப் பாதித்தது என்பது அவர் தரப்பின் சாரம். 410இல் கோத்தர்கள் உரோமையைச் சூறையாடிய காலத்தில் அவரும் அவருடைய தோழர் செலஸ்தியுசும் ஆப்பிரிக்காவுக்கு வந்தனர். 411இல் செலஸ்தியுஸ் கார்த்தேஜில் கண்டனம் செய்யப்பட்டார். 415இல் பாலஸ்தீனத்தின் தியோஸ்போலிசில் கூடிய ஆயர்கள் பெலேஜியுசைக் குற்றமற்றவர் என்று விடுவித்தனர். 418இல் கார்த்தேஜ் சங்கமும் பேரரசர் ஹொனோரியுசின் ஆணையும், தொடர்ந்து திருத்தந்தை சோசிமுசின் சுற்றுமடலும் அவருடைய போதனையைத் தள்ளின. 431இல் எபேசு பொதுச்சங்கம் செலஸ்தியுசின் கருத்துகளை ஏற்போரைக் கண்டித்தது.

அகுஸ்தீனின் வாதம் எளிய தர்க்கத்தில் தொடங்கியது. திருமுழுக்குப் பாவமன்னிப்புக்காகவே அளிக்கப்படுகிறது. பச்சிளங்குழந்தை தானாக எப்பாவமும் செய்ததில்லை. ஆகவே மன்னிக்கப்படுவது பிறப்பிலேயே பெற்ற பாவமாகத்தான் இருக்கவேண்டும். இதன் மேல் அவர் எழுப்பிய கோட்பாட்டில் முன்பு சுட்டிய நான்கு விடைகளும் ஒன்று சேர்ந்தன. மனிதகுலம் ஆதாமுக்குள் உண்மையாகவே இருந்து பாவம் செய்தமையால் அதன் குற்றப்பொறுப்பும் அதற்குரியது. சாவு அதன் தண்டனை. அறிவின் கட்டளைக்கு உட்படாத இச்சை அதன் விளைவும் அடையாளமும். அருளின்றி எந்த நன்மையையும் விரும்பக்கூட இயலாத நிலை அதன் முடிவு. இச்சை குறிப்பாகப் பாலுறவில் வெளிப்படுவதாகவும் அதன் வழியே பாவம் தலைமுறைகளுக்குப் பரவுவதாகவும் அவர் கருதினார். திருமுழுக்குப் பெறாது இறக்கும் குழந்தைகளும், மிக மென்மையானதாயினும், தண்டனைக்கு உட்பட்டவர்களே என்ற முடிவிலிருந்து அவர் பின்வாங்கவில்லை.

இம்முடிவைக் கண்டு அதிர்ந்தவர்களுள் அறிவாற்றல் மிக்கவர் இத்தாலியின் எக்லானும் நகர ஆயர் யூலியான். 18 ஆயர்களுள் ஒருவராகச் சோசிமுசின் மடலில் கையொப்பமிட மறுத்துப் பதவியிழந்த அவர், குழந்தைகளைத் தண்டிக்கும் இறைவன் நீதியுள்ளவராக இருக்க முடியாது என்றும், திருமணத்தையும் உடலையும் தீமையின் ஊற்றாக்குவது அகுஸ்தீன் இளமையில் பின்பற்றிய மானி சமயத்தின் எச்சம் என்றும் வாதிட்டார். அகுஸ்தீன் இறுதிமூச்சு வரை அவருக்கு மறுப்பு எழுதிக்கொண்டிருந்தார், அந்நூல் முற்றுப்பெறவில்லை. இருவரையும் இன்று படிப்போர் ஒன்றை மறுக்க இயலாது: மனிதர் தம் முயற்சியாலேயே தம்மைத் திருத்திக்கொள்ள முடியும் என்னும் நம்பிக்கையின் வரம்பை அகுஸ்தீன் கூர்மையாகக் கண்டார், பிறர் குற்றத்துக்குக் குழந்தையைப் பொறுப்பாக்குவதிலுள்ள அநீதியை யூலியான் அதே கூர்மையோடு கண்டார்.

529இல் இன்றைய பிரான்சிலுள்ள ஒராஞ்சு நகரில் கூடிய சங்கம், ஆதாமின் பாவமும் அதன் சாவும் மனித இனம் முழுமைக்கும் கடந்தது என்பதையும் அருளின் முதன்மையையும் உறுதிப்படுத்தியது. ஆனால் இறைவன் சிலரைத் தீமைக்கென்றே முன்குறித்தார் என்பதை வன்மையாக மறுத்தது. மேற்குலகம் ஏற்றது மட்டுப்படுத்தப்பட்ட அகுஸ்தீனியமே.

கிழக்குத் திருச்சபைகளின் பாதை

கிரேக்க மொழியில் பவுலைப் படித்த கிழக்குத் திருச்சபைகள் இந்த மோதலின் விளிம்பிலேயே நின்றன. யோவான் கிறிசோஸ்தோம் உள்ளிட்ட கிரேக்கத் தந்தையர், ஆதாமிடமிருந்து மனிதர் பெற்றது சாவுக்கு உட்பட்ட இயல்பே என்றும், பாவம் என்பது ஒவ்வொருவரின் சொந்த விருப்பத்தாலே விளைவது என்றும் கருதினர். சாவின் அச்சமே மனிதரைத் தன்னலத்துக்கும் வன்முறைக்கும் இட்டுச் செல்கிறது. ஆகவே கிறிஸ்துவின் மீட்பு முதன்மையாகச் சாவை வெல்லும் உயிர்ப்பு என்பது இம்மரபின் அழுத்தம். ஆர்த்தடாக்ஸ் இறையியலார் இந்நிலையை மூதாதையர் பாவம் என்று பெயரிட்டு மேற்கின் கோட்பாட்டிலிருந்து வேறுபடுத்துகின்றனர். யோவான் ரோமனிதிஸ் 1957இல் ஏதென்சில் அளித்த ஆய்வு இவ்வேறுபாட்டைக் கூர்மைப்படுத்தியது. குழந்தைத் திருமுழுக்கு இத்திருச்சபைகளிலும் உண்டு. ஆயினும் அது மரபுக்குற்றத்தைக் கழுவுவதற்காக அன்றி, கிறிஸ்துவின் சாவிலும் உயிர்ப்பிலும் குழந்தையை இணைப்பதற்காக என்று விளக்கப்படுகிறது.

இடைக்காலம்: குற்றத்திலிருந்து இழப்புக்கு

இலத்தீன் மேற்கிலும் அகுஸ்தீனின் கட்டுக்கோப்பு அப்படியே நிற்கவில்லை. கேன்டர்பரி பேராயர் ஆன்செல்ம், 1100ஐ ஒட்டி எழுதிய நூலில், பிறப்புநிலைப் பாவம் என்பது இச்சை அன்று, மனிதரிடம் இருந்திருக்க வேண்டிய ஆதி நீதிநிலையின் இன்மையே என்று வரையறுத்தார். ஆதி நீதிநிலை என்பது மனித விருப்பம் இறைவனின் விருப்பத்தோடு இசைந்து நின்ற தொடக்க ஒழுங்கு. பீட்டர் அபெலார்டு இன்னும் முன்சென்று, ஆதாமிடமிருந்து வருவது தண்டனையே தவிரக் குற்றம் அன்று என்றார். சான்சு சங்கம் அவர்மீது கண்டித்த கூற்றுகளுள் இதுவும் ஒன்று. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இரு மரபுகளையும் இணைத்து, ஆதி நீதிநிலையின் இன்மையே இப்பாவத்தின் வடிவம், ஒழுங்கிழந்த இச்சை அதன் பருப்பொருள் என்று வகுத்தார்.

இம்மாற்றத்தின் பொருள் பெரிது. தந்தை செய்த கொலைக்காக மகனைத் தண்டிப்பது அநீதி. ஆனால் தந்தை இழந்துவிட்ட நிலம் மகனுக்குக் கிடைக்காமற் போவது அநீதி அன்று, அது இழப்பு. இழப்பு என்னும் இக்கண்ணோட்டத்திலிருந்தே, திருமுழுக்குப் பெறாது இறந்த குழந்தைகள் வேதனையின்றி, இறைக்காட்சி மட்டும் கிட்டாமல் வாழும் லிம்போ என்னும் நிலை குறித்த கருத்து வளர்ந்தது.

பிறப்புநிலைப் பாவம் அனைவருக்கும் உரியது எனில் கிறிஸ்துவின் தாய் மரியாவின் நிலை என்ன என்ற கேள்வியும் இக்காலத்தில் எழுந்தது. கிளேர்வோ பெர்னார்தும் அக்குவினாசும் மரியா அதிலிருந்து விதிவிலக்குப் பெற்றுக் கருவானார் என்பதை ஏற்கவில்லை. தூன்ஸ் ஸ்கோத்துஸ், விழுந்த பின் தூக்குவதைவிட விழாமல் காப்பதே நிறைவான மீட்பு என்று வாதிட்டு அதனை ஆதரித்தார். 1854ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் இதனை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். தமிழ்க் கத்தோலிக்கரிடையே அமலோற்பவம் என்று வழங்குவதும், புதுச்சேரிப் பேராலயத்தின் பெயரிலும் எண்ணற்ற பெண்களின் பெயரிலும் நிலைத்திருப்பதும் இதுவே. மரபுக்குற்றத்தை ஏற்காத ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளுக்கு இத்தகைய விதிவிலக்கின் தேவையே எழவில்லை.

சீர்திருத்தமும் திரெந்து சங்கமும்

16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் இழப்பு என்னும் மென்மையான விளக்கத்தை மறுத்து அகுஸ்தீனிடம் திரும்பினார். 1530ஆம் ஆண்டின் ஆக்சுபர்க் விசுவாச அறிக்கை, இறையச்சமும் இறைநம்பிக்கையும் இன்றி இச்சையோடு பிறக்கும் நிலையே உண்மையான பாவம் என்றது. திருமுழுக்குக்குப் பின்னும் அது பாவமாகவே எஞ்சுகிறது, ஆனால் கணக்கில் கொள்ளப்படுவதில்லை என்பது லூத்தரின் நிலை. சூரிக் நகரின் சுவிங்லியோ, பிறப்போடு வருவது ஒரு நோய்நிலை மட்டுமே, குற்றம் அன்று என்றார். கால்வின், மனித இயல்பின் எல்லாப் பகுதிகளையும் பாதித்த மரபுவழிச் சீர்கேட்டைப் பற்றிப் பேசினார். அவர் வழிவந்தோர், ஆதாம் மனிதகுலத்தின் சார்பாளராக இறைவனோடு உடன்படிக்கை செய்தவர், எனவே அவர் செய்த மீறல் சட்டப்படி அனைவர் கணக்கிலும் சேர்கிறது என்னும் விளக்கத்தை வளர்த்தனர்.

திரெந்து பொதுச்சங்கம் 1546ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் வெளியிட்ட ஆணையில், இப்பாவம் பின்பற்றுதலால் அன்றிப் பிறப்பு வழியாகவே பரவுகிறது என்று பெலேஜியுசுக்கு எதிராகவும், திருமுழுக்கு அதனை முற்றிலும் அகற்றுகிறது என்றும், எஞ்சும் இச்சை பாவத்துக்குத் தூண்டுமேயன்றித் தானே பாவம் அன்று என்றும் லூத்தருக்கு எதிராகவும் அறிவித்தது. சீர்திருத்தத் தரப்புக்குள்ளும் ஒற்றுமை இல்லை: பாவம் மனிதரின் உட்பொருளாகவே மாறிவிட்டது என்று லூத்தரன் இறையியலார் பிளாசியுஸ் கூறியபோது, லூத்தரன் திருச்சபைகளே 1577ஆம் ஆண்டின் இணக்க அறிக்கையில் அதனை மறுத்தன, ஏனெனில் மனித இயல்பே பாவம் எனில் அதனைப் படைத்தவரும் அதற்குப் பொறுப்பாளி ஆகிவிடுவார்.

குர்ஆனின் ஆதாமும் வினைக் கொள்கையும்

ஆதாமின் கதை இஸ்லாத்திலும் உண்டு. குர்ஆனில் ஆதாமும் அவர் துணைவியும் சேர்ந்தே தவறுகின்றனர், தம் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோருகின்றனர், இறைவன் மன்னிக்கிறான். ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்னும் நெறியும் அந்நூலில் பலமுறை வலியுறுத்தப்படுகிறது. ஒவ்வொரு குழந்தையும் இறைவனை நோக்கிய தூய இயல்போடு பிறக்கிறது என்பது இஸ்லாமியப் போதனை.

தமிழ் வாசகர் சிலர் பிறப்புநிலைப் பாவத்தை இந்தியச் சமயங்களின் முன்வினைக் கொள்கையோடு ஒப்பிடுவதுண்டு. இரண்டும் பிறக்கும் குழந்தையின் மீது ஒரு சுமையைக் காண்கின்றன என்பது உண்மையே. ஆனால் வினைக் கொள்கையில் அச்சுமை அந்த உயிர் தானே முற்பிறவியில் ஈட்டியது. பிறப்புநிலைப் பாவத்தில் அது மற்றொருவரின் செயலால் வந்தது. முன்னது தனியொருவரின் கணக்கு. பின்னது மனிதகுலத்தின் ஒருமையையே முன்நிபந்தனையாகக் கொண்டது. இவ்வேறுபாட்டை மறந்து ஒன்றை மற்றொன்றின் பெயரால் விளக்குவது இரு மரபுகளுக்கும் நீதி செய்வதாகாது.

நவீன காலத்தின் மறுவாசிப்பு

18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பா இக்கோட்பாட்டை வெளிப்படையாகக் கேள்விக்கு உட்படுத்தியது. குழந்தை இயல்பில் நல்லது, சமூகமே அதனைக் கெடுக்கிறது என்று 1762இல் ரூசோ எழுதியபோது, பாரிசுப் பேராயர் அவருடைய நூலைக் கண்டித்தார். நார்விச்சின் ஜான் டெய்லர் 1740இல் விவிலிய அடிப்படையிலேயே கோட்பாட்டை மறுத்தார். அவருக்கு மறுப்பாக ஜான் வெசுலியின் நூல் 1757இலும், அமெரிக்காவின் ஜோனத்தன் எட்வர்ட்ஸின் நூல் 1758இலும் வெளியாயின. காண்ட் 1793இல், தீமையை முன்னோரிடமிருந்து வந்த சொத்தாகக் காண்பதை மறுத்துக்கொண்டே, மனித விருப்பத்தின் வேரில் ஒரு தீய சாய்வு உள்ளது என்று ஏற்றார். மரபுரிமை என்னும் கூறு கழன்ற பின்னும் கோட்பாட்டின் உள்ளீடு நிலைக்கக்கூடியது என்பதற்கு அவரே முதற்சான்று. கீர்க்ககார்டு 1844இல், ஒவ்வொருவரும் சுதந்திரத்தின் பதற்றத்தில் தாமே பாவத்துக்குள் நுழைகின்றனர் என்று இதனைத் தனிமனித அனுபவமாக விளக்கினார்.

உயிரியல் எழுப்பிய கேள்வி வேறு வகையானது. மனித இனம் ஒரே ஓர் இணையரிடமிருந்து அன்றி, ஆயிரக்கணக்கானோர் கொண்ட இனத்தொகையிலிருந்து வந்தது என்பது மரபணு ஆய்வின் பரவலான முடிவு. 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், பல முதற்பெற்றோர் என்னும் கருதுகோள் பிறப்புநிலைப் பாவக் கோட்பாட்டோடு எவ்வாறு இசையும் என்பது புலப்படவில்லை என்று எச்சரித்தார். பின்வந்த கத்தோலிக்க இறையியலார் பலர் விளக்கத்தின் மையத்தை மாற்றினர்: டச்சு இயேசு சபையாளர் பீத் ஸ்கோனென்பர்கு, ஒவ்வொரு மனிதரும் பிறரின் பாவங்களால் ஏற்கனவே வடிவமைக்கப்பட்ட சூழலுக்குள் பிறப்பதையே இப்பாவமாகக் கண்டார். 1992ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபை மறைக்கல்வி நூல், இதனைப் பாவம் என்பது ஒப்புமைப் பொருளிலேயே என்றும், இது செய்யப்பட்ட செயல் அன்று, பெறப்பட்ட நிலை என்றும், ஆதாமின் வழிவந்த எவரிடத்தும் இது தனிப்பட்ட குற்றத்தன்மை உடையதன்று என்றும் தெளிவுபடுத்துகிறது. 2007இல் வத்திக்கானின் அனைத்துலக இறையியல் குழு வெளியிட்ட ஆவணம், திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தைகளின் மீட்பை எதிர்நோக்க வலுவான காரணங்கள் உள்ளன என்றது. அகுஸ்தீனின் மிகக் கடுமையான முடிவிலிருந்து அவருடைய திருச்சபையே இவ்வாறு விலகிவந்திருக்கிறது.

சீர்திருத்த மரபிலிருந்து வந்த அமெரிக்க இறையியலார் ரெயின்ஹோல்டு நீபுர், இரு உலகப் போர்களின் நிழலில், தனிமனிதரைவிடக் குழுக்களும் நாடுகளும் தம் தன்னலத்தைக் காணாத குருடர்களாக இருப்பதைச் சுட்டி, இக்கோட்பாட்டை அரசியல் அறிவாக மாற்றினார். இலத்தீன் அமெரிக்க விடுதலை இறையியல் அநீதியான சமூக அமைப்புகளையே பாவம் என்றது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987இல் பாவத்தின் கட்டமைப்புகள் என்னும் கருத்தைத் திருச்சபையின் சமூகப் போதனைக்குள் கொண்டுவந்தார். பெண்ணிய ஆய்வாளர்கள் இக்கதையின் பெயரால் ஏவாளின் மீதும் அவர் வழியாகப் பெண்கள் அனைவர் மீதும் சுமத்தப்பட்ட பழியை அம்பலப்படுத்தினர். பில்லிஸ் திரிபிள் 1978இல் வெளியிட்ட நூலில், ஆணாதிக்கம் அக்கதையில் படைப்பின் ஒழுங்காக அன்றி வீழ்ச்சியின் விளைவாகவே காட்டப்படுகிறது என்று நிறுவ முயன்றார்.

முடிவுரை

இந்த நீண்ட வரலாறு இரண்டு முடிவுகளைத் தருகிறது. ஒன்று, பிறப்புநிலைப் பாவம் ஏதேன் கதையிலிருந்து நேராக எடுக்கப்பட்ட கோட்பாடு அன்று. பவுலின் ஒப்பீடும், குழந்தைத் திருமுழுக்கு வழக்கமும், ஒரு மொழிபெயர்ப்பும், அருள் குறித்த ஒரு கடும் மோதலும் சேர்ந்து வட ஆப்பிரிக்காவில் அதற்கு வடிவம் தந்தன. மற்றொன்று, அதன் நான்கு கூறுகளுள் பிறர் குற்றத்தின் பொறுப்பு என்பது எசேக்கியேலின் நெறியோடும், கிரேக்கத் தந்தையரின் வாசிப்போடும், இன்றைய கத்தோலிக்கப் போதனையின் சொற்களோடும் கூட ஒத்துப்போவதில்லை. அதனைக் கைவிடுவதால் கிறித்தவத்தின் மீட்புச் செய்தி எதையும் இழக்காது.

ஆனால் எஞ்சும் கூறுகளைப் பழங்கதை என்று ஒதுக்குவதும் சரியன்று. எந்தக் குழந்தையும் வெற்றிடத்தில் பிறப்பதில்லை. தான் உருவாக்காத வெறுப்புகளும் பொய்களும் ஏற்றத்தாழ்வுகளும் அதற்கு முன்பே அங்கே இருக்கின்றன. அவற்றை அது கற்கிறது, வளர்ந்தபின் தன் விருப்பத்தாலேயே தொடர்கிறது. நல்லெண்ணத்தோடு தொடங்கிய புரட்சிகளும் நிறுவனங்களும், திருச்சபைகள் உட்பட, மீண்டும் மீண்டும் கொடுமையில் சென்று முடிந்ததை 20ஆம் நூற்றாண்டு கண்ணெதிரே காட்டியது. தனிமனிதரின் மன உறுதி மட்டுமே இதனைத் திருத்திவிடும் என்ற பெலேஜியுசின் நம்பிக்கைக்கு அந்நூற்றாண்டு ஆதரவு தரவில்லை. எனவே இக்கோட்பாட்டை ஏற்போரும் மறுப்போரும் தாம் ஏற்பது அல்லது மறுப்பது குற்றப்பொறுப்பையா, சாவையா, இச்சையையா, இழப்பையா என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அத்தெளிவோடு பார்க்கும்போது, மரபுக்குற்றம் என்னும் கூறு நீதியின் முன் நிற்காது என்பதும், தீமை தனிமனிதருக்கு முந்தியது, அவரைவிடப் பெரியது, ஆயினும் அவரது பங்கேற்பாலேயே உயிர்வாழ்வது என்னும் கூறு இன்றும் உண்மையாகவே நிற்கிறது என்பதும் விளங்கும்.